மார்கரெட் வீட்டுத் துப்பாக்கி

1

பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி திரும்பி வரும்போது அதற்குள் ஒரு துப்பாக்கியின் துண்டு இருந்தால், அதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? தந்தவரிடமா, கணவரிடமா, பொலிஸிடமா? மூன்று கிழமையாகிவிட்டது. எனக்கு இன்னும் பதில் தெரியாது.

நாங்கள் சிட்னியின் மேற்கே செவன் ஹில்ஸில் இருக்கிறோம். என் கணவர் ரமணன் இங்குள்ள தொழிற்பேட்டையில் லேத் மெஷினில் வேலை செய்கிறார். நான் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் படிவங்களைச் சரிபார்க்கிறேன். பெயர் சரியா, பிறந்த திகதி சரியா, குழாயில் ஒட்டிய எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது என் வேலை. ஒருமுறை பார்த்தால் போதும் என்பார்கள். நான் மூன்று முறை பார்ப்பேன். மகள் ஆரபிக்கு எட்டு வயது. மகனுக்கு இரண்டு. பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் இடப்பக்க வீடு மார்கரெட்டுடையது. எண்பது தாண்டியவர். நாங்கள் குடிவந்த புதிதில் வடை கொடுத்துவிட்டேன். பெட்டியைக் கழுவி, ஈரம் துடைத்து, வெறுமையாகத் திருப்பித் தந்தார். அப்போது மூன்றோ நாலோ வயதாயிருந்த ஆரபி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நாங்கள் வெறும் பெட்டி குடுக்கமாட்டம்" என்று ஆங்கிலத்தில் போட்டு உடைத்துவிட்டாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. மார்கரெட் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து ஒருநாளும் வெறும் பெட்டி வந்ததில்லை. எலுமிச்சம்பழம் வரும், பிஸ்கற் வரும். ஒன்றும் கைக்கு அகப்படாத நாளில் உடுப்புக் கொழுவுகிற கிளிப் நாலு வந்தது. ஒருமுறை டோர்ச்சுக்குப் போடுகிற பற்றரி இரண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலிக்கு மேலால் பெட்டியை நீட்டினார். வழக்கத்தை விடப் பாரம். "இது ரமணனுக்கு" என்றார். தந்தவருக்கு முன்னால் திறந்து பார்ப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. நன்றி சொல்லி வாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். அன்று மகனுக்குக் காய்ச்சல். பெட்டியை மறந்தே போனேன்.

அடுத்த நாள் காலை, ரமணன் வேலைக்குப் போனபின், மத்தியானச் சமையலுக்கு ஆயத்தம் செய்யும்போது திறந்தேன். சமையலறைத் துணியில் சுற்றிய ஓர் இரும்பு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உருளை, பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு கைபிடி, அதன் அடியில் சிறிய எண்கள். எண்ணெய் மணத்தது. அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது.

2

அதற்கு முந்திய கதையைச் சொல்ல வேண்டும்.

மார்கரெட்டின் கணவர் கென் போன வருடம் இறந்துபோனார். மார்கரெட் முதியோர் இல்லத்துக்குப் போவதென்று முடிவானது. வீட்டை ஒதுக்க ரமணன் சனிக்கிழமைகளில் போய் உதவினார். அப்படி ஒருநாள்தான் மார்கரெட் கராஜில் இருந்த இரும்புப் பெட்டகத்தைத் திறந்து ஒரு பழைய துப்பாக்கியைக் காட்டியிருக்கிறார். கென்னின் தகப்பன் போர் முடிந்தபின் நியூகினியிலிருந்து கொண்டுவந்த ஜப்பானியத் துப்பாக்கி. பண்ணையில் பன்றி சுடுவதற்காக அதன் மரத்தை அரைவாசிக்கு வெட்டி, குழாயைக் குறுக்கி, மேலே வேறு குறிகாட்டி பூட்டியிருக்கிறார். பழைமை சேகரிப்பவர்கள் இப்படி மாற்றிய துப்பாக்கியை அவ்வளவாக விரும்புவதில்லையாம்.

கென்னிடம் உரிமம் இருந்தது. மார்கரெட்டிடம் இல்லை. விற்க வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்கள். "மேசையைப் போல, மணிக்கூட்டைப் போல இதுவும் ஒரு பழைய சாமான்தானே. நீ எடுத்துக்கொள்" என்று ரமணனிடம் கேட்டிருக்கிறார்.

அன்று ரமணன் வீட்டுக்கு வந்து கை கழுவும்போதே தொடங்கிவிட்டார்.

"குழாய்க்கு மேல அவங்கட ராசாவின்ர பூ ஒண்டு கொத்தியிருந்ததாம். சண்டையில தோத்து ஒப்படைக்கேக்க ராசாவுக்கு அவமானம் வரக்கூடாதெண்டு அவங்களே அழிச்சுப்போட்டாங்களாம். நான் தடவிப் பாத்தனான். மெஷினால எடுத்ததில்லை. அரத்தால அராவினது. கோடெல்லாம் ஒண்டுக்கொண்டு குறுக்க போகுது. கை பதறப் பதற அராவியிருக்கிறான் ஒருத்தன்."

"அதுக்கு?"

"அதை வாங்குவமோ எண்டு யோசிக்கிறன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ரமணன் படகில் வந்தவர். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாக்களில் இருந்து, நிரந்தரம் கிடைத்து, இப்போதுதான் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். பிள்ளைகளின் தண்ணீர்த் துப்பாக்கியைக்கூட எங்கள் வீட்டில் நான்தான் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அவர் தொடமாட்டார். அந்த மனிதருக்கு என்ன வந்தது?

"உங்களுக்கென்ன விசரே? ரெண்டு குழந்தையள் இருக்கிற வீடு" என்றேன்.

"நான் சுடவோ கேக்கிறன்? இஞ்ச பாரும். பதினேழு வயசில இருந்து எத்தினை துவக்கைக் கண்டிருப்பன்? எல்லாத்தையும் முன்னால நிண்டுதான் கண்டனான். ஓட்டையைத்தான் தெரியும். பின்பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு சனிக்கிழமைதான் முதல்முதலாப் பாத்தன். எங்கட பூட்டனை ஜப்பான்காரங்கள்தான் மலாயாவில இருந்து சியாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனவங்கள். அவருக்கு முன்னால நிண்டதும் இந்த மாதிரி ஒண்டுதானே. அந்த ஆள் திரும்பி வரேல்லை. நான் இஞ்ச வந்து நிக்கிறன். அதை வெட்டிக் குறுக்கி, பூவையும் அழிச்சு, பன்றி சுடுற சாமானாக்கி வைச்சிருக்கு. அது என்ர வீட்டில பூட்டிக் கிடக்கட்டுமே."

"யோசிப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேண்டாம் என்று பொருள். அதை அவர் மார்கரெட்டிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். "மனைவி யோசிக்கிறாள்." மார்கரெட் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

3

இனி அந்தப் புதன்கிழமைக் காலை.

உரிமம் இல்லாதவர் துப்பாக்கியின் ஒரு பாகத்தைக்கூட வைத்திருக்கக்கூடாது. ரமணன் அந்த விதிகளை எனக்கு வாசித்துக் காட்டியிருந்தார். அவருடைய விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. அந்த நேரத்தில் எங்கள் குசினியில், சமையல் மேசைமேல், இது.

ஒரு படித்த பெண் என்ன செய்திருக்க வேண்டும்? பெட்டியை மூடி, பதினைந்து அடி நடந்து, மார்கரெட்டின் கதவைத் தட்டித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொல்லியிருக்கலாம். இங்கே அப்படிச் சொல்கிறவர்களை யாரும் ஒன்றும் செய்வதில்லை. எனக்கு இதெல்லாம் தெரியும்.

நான் அதைத் துணியோடு எடுத்துக்கொண்டு போய் அரிசி வாளிக்குள் புதைத்தேன். முழங்கை வரை கையை விட்டு, அடியில். மேலே அரிசியைச் சமப்படுத்தி, மூடியை அழுத்தி, கையைக் கழுவினேன். எண்ணெய் மணம் போகவில்லை. எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை. உதவி செய்கிறேன் என்று ஆரபி அரிசி அளக்க வந்துவிட்டாள். நான் மகனுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வாளியில் அரிசி அளக்கிற சுண்டு எதிலோ இடிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, அரிசிக்குள்ள என்னவோ இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் இப்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள்.

"வையடி அதை!"

நான் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. துணியை விரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன?"

"தையல் மெஷின்ர சாமான்."

"எங்களிட்டத் தையல் மெஷின் இல்லையே."

"மார்கரெட்டின்ர."

"அப்ப ஏன் ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்?"

"ஒளிக்கேல்லை. ஈரம் படாமல் வைச்சிருக்கிறன்."

ஆரபி என்னைப் பார்த்தாள். நம்பவில்லை. ஆனால் "ஓகே" என்றாள். வழக்கமாகத் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் எதிர்வாதம் செய்கிற பிள்ளை, ஒன்றும் பேசாமல் அதைத் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்து, அரிசியால் மூடினாள். நான் செய்தது போலவே மேலே சமப்படுத்தினாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று நான் சோறு சமைக்கவில்லை. பேக்கரியில் பாண் வாங்கிச் சாப்பிட்டோம்.

4

அரிசிக்குள் வைக்க எனக்கு எங்கிருந்து தோன்றியது என்பதை ஒருவருக்கும் சொன்னதில்லை. ரமணனுக்கும் இல்லை.

நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து திரும்பவும் ஊருக்கு வந்த காலம். எனக்குப் பத்து வயது. அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். வாழைக்குப் பாத்தி வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு துப்பாக்கித் துண்டு வந்தது. நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் வளவில் யார் யாரோ இருந்திருக்கிறார்கள். துருப்பிடித்து, ஒன்றுக்கும் உதவாத இரும்பு. ஆனால் இராணுவத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கே எடுத்தாய், மிச்சம் எங்கே என்று கேட்பார்கள். வைத்திருந்தால் அதற்கும் கேட்பார்கள். அம்மா அதை அரிசி வாளிக்குள் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில், சுற்றிவளைப்பு என்று சத்தம் வந்தது. அப்பா அரிசிக்குள் கையை விட்டு எடுத்தார். பின்பக்க வேலிக்கு அப்பால் தில்லைநாதன் மாமாவின் வளவு. அங்கே ஒரு தூர்ந்த கிணறு இருந்தது. அப்பா கிணற்றைக் குறி வைத்துத்தான் எறிந்தார். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றுக் கட்டில் பட்டு, டங் என்று சத்தம் கேட்டு, சருகுக்குள் விழுந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அரிசிக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. தில்லைநாதன் மாமாவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மாமா சைக்கிள் கடை வைத்திருந்தவர். எங்களுக்குச் சொந்தம் இல்லை, அயல் என்ற முறையில் மாமா. நாற்பது நாளைக்குப் பிறகு விட்டார்கள். ஒரு காது கேட்காது, வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. வந்த அடுத்த கிழமையே கடையைத் திறந்தார். காலையில் அப்பா வேலைக்குப் போகும்போது, முன்பு போலவே, "என்ன தம்பி, வெளிக்கிட்டாச்சே?" என்று கேட்பார். அப்பா "ஓம் அண்ணை" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பா பழுதில்லாத சைக்கிளையும் கொண்டுபோய்த் திருத்தக் கொடுப்பார். மாமா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுப்பார்.

அவருக்குத் தெரிந்திருந்ததா? இரண்டு பேருமே இப்போது உயிரோடு இல்லை.

5

ரமணன் மூன்று மணிக்கு வந்தார். ஆரபி கதவடியிலேயே நின்று, "அப்பா, அம்மா தையல் மெஷினை அரிசிக்குள்ள வைச்சிருக்கிறா" என்றாள். இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

அவர் எடுத்துப் பார்த்தார். முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம் வந்ததை நான் கண்டேன். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப தந்தவா?"

"நேற்றுப் பின்னேரம்."

"எனக்குப் போன் எடுத்திருக்கலாமே?"

"போனில சொல்லவோ?"

அவரும் போனில் சொல்லக்கூடாத காலத்தில் வளர்ந்தவர்தான். அரிசித் தவிட்டைத் துடைத்து, அதே பெட்டியில் வைத்து, "வாரும், ரெண்டு பேருமாப் போவம்" என்றார். மகனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மார்கரெட்டுக்கு நாங்கள் ஏன் இப்படி முகம் வெளிறி வந்து நிற்கிறோம் என்று விளங்கவில்லை. அடுத்த நாள் அவருடைய மகன் வருவதாக இருந்தது. மகனுக்குத் துப்பாக்கி என்றாலே பிடிக்காது. நேரே பொலிஸுக்குக் கொண்டுபோய்விடுவான். இந்தத் துண்டு, துப்பாக்கியின் போல்ட், இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுப்பான், அதற்குள் நான் யோசித்து முடித்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்.

"தனியாக அது வெறும் இரும்புத் துண்டுதானே, கண்ணே" என்றார். "வெறும் பெட்டியைத் தர எனக்கு மனம் வரவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனேயே அழுகையும் வந்தது. இரண்டையும் பார்த்து மார்கரெட் பயந்துபோய்த் தேநீர் போட எழும்பினார்.

ரமணன் அங்கிருந்தே உரிமம் உள்ள ஒரு வியாபாரிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் ஐந்து மணிக்கு வந்து, துப்பாக்கியையும் போல்ட்டையும் எண்களை ஒப்பிட்டுப் பார்த்து, மார்கரெட்டின் பெயரில் பதிந்து எடுத்துக்கொண்டு போனார். எண்கள் பொருந்தின. என் வேலையைப் போன்ற வேலை. ஆனால் அந்தப் போல்ட் ஓர் இரவும் ஒரு பகலும் என் வீட்டில் இருந்தது அவருடைய தாளில் இல்லை. அதை நினைத்து மூன்று கிழமையாக நான் சரியாகத் தூங்கவில்லை.

"இந்த மாத முடிவு வரைக்கும் வைத்திருக்கிறேன். வாங்குவதென்றால் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள், கிடைக்கும் வரைக்கும் பொறுப்பேன். இல்லையென்றால் சொல்லிவிடுங்கள்" என்று வியாபாரி ரமணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

6

விண்ணப்பத்தை நான் வாசித்துப் பார்த்தேன். மூன்று முறை. உண்மையான காரணம் காட்ட வேண்டும். கழகத்தில் சேர்ந்து இலக்குச் சுடுவது காரணம். பண்ணைக்காரர் என்பது காரணம். தற்பாதுகாப்பு காரணமாகாது. இதுநாள்வரை முன்பக்கத்தை மட்டுமே பார்த்தவன் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. ரமணன் கழகத்தில் சேரத் தயார். ஆனால் புகலிடம் கேட்ட நாளிலிருந்து எத்தனையோ படிவங்களில் ஆயுதத்தைத் தொட்டதில்லை என்று எழுதிக் கொடுத்தவர் அவர். அது உண்மை. இப்போது அவரே துப்பாக்கி வேண்டும் என்று எழுதினால், யாரோ ஒருவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாரோ? சட்டப்படி ஒன்றுமில்லை என்று ரமணன் சொல்கிறார். சட்டப்படி ஒன்றுமில்லாதவற்றுக்குத்தான் எங்கள் ஊரில் ஆட்கள் போனார்கள்.

போன ஞாயிறு தில்லைநாதன் மாமாவின் கதையை அவருக்குச் சொன்னேன். பூங்காவில், பிள்ளைகள் ஊஞ்சலில் இருக்கும்போது. முழுக்கக் கேட்டார்.

"எறிஞ்சது உம்மட அப்பா. நீர் சின்னப் பிள்ளை."

"புதன்கிழமை நானும் எறிய நினைச்சனான்."

"எங்க?"

"மார்கரெட்டின்ர வளவுக்கு. வேலிக்கு மேலால. அந்தச் செடியளுக்குள்ள. அரிசிக்குள்ள வைக்க முதல் பின் கதவடிக்குப் போய் நிண்டனான்."

அவர் எழும்பிப் போய் மகனின் ஊஞ்சலை ஆட்டிவிட்டு வந்தார்.

"அப்ப கட்டாயம் வாங்கவேணும்" என்றார். "ஒளிக்காமல், எறியாமல், எழுதி, நம்பர் போட்டு, பெட்டகத்தில பூட்டி. அப்பிடியும் ஒரு இரும்பை வைச்சிருக்கலாம் எண்டு உமக்கும் தெரியவேணும், பிள்ளைக்கும் தெரியவேணும். வேண்டாமெண்டா வேண்டாம் எண்டு சொல்லும், நான் கேக்கிறன். ஆனா அதை நீர் சொல்லவேணும். உம்மட பயம் சொல்லக்கூடாது."

நானும் பயமும் வேறு வேறு ஆட்கள் என்று அவர் நினைக்கிறார். எனக்கு அது அவ்வளவு நிச்சயமில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்வாள். ஆனால் நான் அப்படிச் சொன்னால், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேனா, கிணற்றுக் கட்டில் கேட்ட அந்தச் சத்தத்துக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சரி என்று சொன்னாலும் அதே சந்தேகம்தான். அரிசியை அப்படிச் சமப்படுத்திய என் மகளின் கையை நினைத்தால் சரி என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அதே மகளுடைய உயரத்துக்கு எட்டுகிற பெட்டகத்தை நினைத்தால் இல்லை என்று வருகிறது.

எல்லாவற்றையும் விட ஒன்றுதான் என்னை முடிவு செய்ய விடாமல் நிறுத்துகிறது. வாங்கினால், பூட்டி வைத்திருக்கும் இடத்தைப் பார்க்கப் பொலிஸ் வீட்டுக்கு வரலாம். நாள் சொல்லி, கதவைத் தட்டி, மரியாதையாக வருவார்கள் என்று ரமணன் சொல்கிறார். பகலில்தான் வருவார்கள். பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் நான். "எங்கே வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்பார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று, "இதோ, இங்கே இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிப் பார்க்கிறேன். வாயைத் திறந்தால், "எங்களுடையது இல்லை" என்று வருகிறது.

இதை வாசிப்பவர்களில், எங்களைப் போல வந்து, உரிமம் எடுத்து, வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் யாராவது இருக்கக்கூடும். பொலிஸ்காரர் வந்த அன்று கதவை யார் திறந்தீர்கள்? என்ன சொன்னீர்கள்? பிள்ளைகளை அந்த நேரம் எங்கே இருத்தினீர்கள்? அப்படி ஒருவரும் இல்லையென்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்னர் வருந்தியவர்களாவது எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். தயவுசெய்து அதற்கு முன் எழுதுங்கள்.